தாடிக்காரரின் பாலம்

விளக்கக்காவை முதலில் பார்த்தது நாலு வருஷத்துக்கு முன்னால், பேருந்து நிலையத்து விசாரணை கவுண்டரின் கண்ணாடிக்குப் பின்னால். நேர்காணலுக்குப் போகிற அவசரம். வீட்டிலேயே முதன்முதலாக ஒருவன் வாங்கிய பட்டச் சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. பேருந்து எங்கே நிற்கும் என்பதுதான் தெரியவில்லை. கண்ணாடியில் போட்டிருந்த ஓட்டைகள் வழியாகக் கேட்டதும், தலையைக்கூடத் தூக்காமல் பதில் வந்தது.

"ஆறாவது மேடை. பத்து நிமிஷத்துல வந்துடும் தம்பி."

அந்தக் குரலில் இருந்த உறுதிக்கு ஆறாவது மேடையில் முக்கால் மணி நேரம் நிற்கலாம். நின்றாயிற்று. பேருந்து ஒன்பதாவது மேடைக்கு வந்து, அங்கிருந்தே கிளம்பிப் போயும் விட்டது. திரும்பி வந்து சண்டை போட்டபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"ஒன்பதுக்கு மாத்திட்டாங்களா? சரி, அடுத்தது பதினொண்ணே கால். நாலாவது மேடை. எதுக்குப் போறீங்க?"

"இன்டர்வியூவுக்கு."

"வீட்ல படிச்ச முதல் ஆளா?"

"ஆமா."

"அப்போ நிதானமாப் போங்க. உங்களுக்கு முன்னாடி யாரும் போனதில்ல, லேட்டுன்னு சொல்ல ஆளே கிடையாது."

வேலை கிடைத்தது. ஒரு பாலிடெக்னிக்கில், கட்டுமானப் பிரிவின் ஆய்வகத்தில் உதவியாளர். அங்கே இரும்புக் கம்பியை இழுத்து முறித்துப் பார்க்கும் இயந்திரத்துக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தாடிக்காரரின் பென்சில் ஓவியம் தொங்கியது. அது யார் என்று விரிவுரையாளரிடம் விசாரித்தால், கதையைச் சொன்னவர் பேருந்து நிலையத்து அக்கா என்றார்; அதனால்தான் மறுபடி அந்தக் கவுண்டருக்கே வரவேண்டியிருந்தது. இனி வருவது முழுக்கப் பின்னாளில் அவர் வாயால் சொல்லிக் கேட்டது.

அந்தக் கண்ணாடி அறையில் அவருக்கு இருபத்தாறு வருஷம். ஒரு மைக், அதில் சிவப்புப் பொத்தான், பொத்தானை அழுத்தினால் 'டிங் டாங்' என்று ஒரு மணி, பிளாஸ்டிக் மூடி போட்ட தண்ணீர் டம்ளர், அட்டை கிழிந்த நேரப் பதிவேடு. இவ்வளவுதான் அவர் ராஜ்ஜியம். மற்ற அறிவிப்பாளர்கள் மேடை மாறினால், "முன்பு ஆறாவது மேடை என்று அறிவித்தது தவறு, மன்னிக்கவும்" என்பார்கள். இவர் சொல்ல மாட்டார். ஆறாவது மேடை என்று ஒன்று உலகத்திலேயே இருந்ததில்லை என்கிற மாதிரி, "ஒன்பதாவது மேடையிலிருந்து புறப்படும்" என்று புதிதாக ஆரம்பிப்பார். தெரியாது என்ற சொல்லும் அவர் வாயில் வராது. எதைக் கேட்டாலும் ஒரு பதில் உண்டு. பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கும்.

"அக்கா, ஒரு மன்னிக்கவும் போட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று டைம் கீப்பர் அடிக்கடி கேட்பார்.

"இன்னைக்கு மன்னிக்கவும்னு சொன்னா, நாளைக்கு நாம சொல்றதை எவன் சார் நம்புவான்?"

இந்தப் பழக்கம் அவருக்குப் பதினான்கு வயதில் வந்தது.

அவர் வளர்ந்த தெருவில் ஒரே ஒரு டிவி. அது அச்சகக்காரர் வீட்டில் இருந்தது. மரக்கதவு வைத்த பெட்டி. கதவைத் திறந்து, குமிழைத் திருகி, படம் வரும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உட்கார நாற்காலி கிடையாது, காகிதக் கட்டுகள்தான். மை வாசனையும் அறுத்துப் போட்ட காகிதத் துண்டுகளுமாக இருக்கும் அந்த முன்னறையில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு வெளிநாட்டு ஆவணப்படத் தொடர் ஓடியது. இருட்டிலிருந்து மெல்ல உருண்டு வரும் பூமி. அதற்கு ஒரு வீணையுமில்லாத, குழலுமில்லாத விநோதமான இசை. அப்புறம் ஒரு ஆண் குரல், எந்த அவசரமும் இல்லாமல், எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல. ஒரு வாரம் நட்சத்திரம், மறுவாரம் புதைந்துபோன நகரம், அடுத்த வாரம் எறும்பு. பேச்சு முழுக்க இங்கிலீஷ்.

அச்சகக்காரருக்கு இங்கிலீஷ் எழுத்துகள் அத்துப்படி. ஈய எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றிப் படபடவென்று கோத்துவிடுவார். கோத்தது என்னவென்று மட்டும் அவருக்குத் தெரியாது. அதனால் முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர் மனைவி பெட்டியை மூடப் போனார். அப்போதுதான் அவர் பார்வை இந்தப் பெண்ணின் மேல் விழுந்தது.

"ஏம்மா, உங்க அப்பா போற இடமெல்லாம் எம்பொண்ணு இங்கிலீஷ்ல பொளந்து கட்டுறான்னு சொல்லிட்டுத் திரியிறாரே. இவன் என்ன சொல்றான், கேட்டுச் சொல்லேன்."

அப்பா லாரி ஓட்டுநர். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள் என்பதையே நாலு ஊருக்குச் சொல்லி முடித்திருந்தார். அந்த மகள் முந்தின பரீட்சையில் இங்கிலீஷில் வாங்கியது பதினெட்டு மார்க். தெரியாது என்று சொன்னால் மானம் போவது அப்பாவுக்கு. காகிதக் கட்டுகளின் மேல் இருபது ஜோடிக் கண்கள் காத்திருந்தன.

"கடலுக்கு அடியில மலை இருக்காம் அத்தை. நம்ம பக்கத்துல இருக்கிறதைவிடப் பெருசாம்" என்றார். திரையில் கடலும் இருந்தது, மலையும் இருந்தது. பிழைத்துக்கொண்டார்.

அடுத்த இருபத்திரண்டு வாரமும் அப்படித்தான். போகப்போக அவருக்கு ஒரு கை வந்துவிட்டது. படம் ஒரு முகத்துக்குக் கிட்டப் போனால் அவன்தான் முக்கியமான ஆள். இசை இறங்கினால் யாரோ சாகப் போகிறார்கள். அசையாத பழைய புகைப்படம் வந்தால் கஷ்டப்பட்ட காலம். படம் அசைந்தால் விடிந்துவிட்டது. இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தை வாய் பார்த்துக்கொள்ளும். பெயர் கேட்டால், "அது வாயில நுழையாது அத்தை" என்பார். சில சமயம் படம் அறுந்து 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை வந்து நிற்கும். அந்த இரண்டு நிமிஷத்தில் விட்டுப்போன கதையை இட்டுக் கட்டி முடித்துக்கொள்வார். விளக்கம் சொல்கிற அக்கா என்பது ஒரு மாதத்தில் விளக்கம் அக்காவாகி, பிள்ளைகள் வாயில் விளக்கக்கா ஆனது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் கோந்து. பெட்டிக்கு எதிரே ஒட்டிக்கொண்டால் மூன்று பேர் சேர்ந்துதான் பிய்த்தெடுக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். அந்த வருஷம் கணக்கில் தோற்று, அதே வகுப்பில் மறுபடி உட்கார மாட்டேன் என்று புத்தகங்களை அச்சகத்துக் கழிவுக் காகிதத்தோடு சேர்த்துப் போட்டிருந்தான். பாலத்தைப் பற்றிய படம் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

திரையில் ஒரு ஆறு, அதன் குறுக்கே பாதியில் முறிந்து கிடக்கும் இரும்புப் பாலம். பிறகு ஒரு தாடிக்காரரின் புகைப்படம். படம் அவர் கண்ணுக்கு வெகு கிட்டப் போனது. இசை இறங்கியது. கடைசியில் ஒரு முழுப் பாலம், மேலே ஓடும் ரயில்.

விளக்கக்கா ஓரக்கண்ணால் கோந்துவைப் பார்த்தார். வேண்டுமென்றே என்று சொல்ல முடியாது. ஆனால் பார்த்தார்.

"இவர் மூணு தடவை பரீட்சையில தோத்தவராம். இவர் கட்டின முதல் பாலம் விழுந்துடுச்சாம். எல்லாரும் சிரிச்சாங்களாம். இவர் ஆத்துல இறங்கி, விழுந்த இரும்பை ஒவ்வொரு துண்டா எடுத்து, எங்கே முறிஞ்சுது, ஏன் முறிஞ்சுதுன்னு பார்த்தாராம். விழுந்த இரும்புதான் எனக்குக் காலேஜ்னு சொன்னாராம். ரெண்டாவதா கட்டினதுதான் இது. இன்னைக்கும் நிக்குதாம்."

மறுநாள் கோந்து கழிவுக் காகிதத்தைக் கிளறித் தன் புத்தகங்களைத் தேடி எடுத்தான். இரண்டுக்கு அட்டை போயிருந்தது.

பிறகு நடந்தது எல்லாத் தெருவிலும் நடப்பதுதான். தொடர் முடிந்தது. அவரவர் வீட்டுக்கு டிவி வந்தது. அச்சகம் மூடியது. விளக்கக்காவுக்குப் பத்தாம் வகுப்பு தேறவில்லை. பின்னாளில் எழுதித் தேறினார். அதிலும் இங்கிலீஷ் இரண்டாவது முயற்சியில்தான். குரல் நன்றாக இருக்கிறது என்று பேருந்து நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். அங்கேயே ஒரு ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்டார். கோந்து பாலிடெக்னிக் படித்து, பொறியியல் படித்து, படித்த பாலிடெக்னிக்கிலேயே விரிவுரையாளரானான். தாடிக்காரரை நினைவிலிருந்து தானே வரைந்து ஆய்வகத்தில் மாட்டினான். படத்தின் கீழே 'விழுந்த இரும்பே கல்லூரி' என்று எழுதியிருந்தது. பெயர் மட்டும் இல்லை. அது யார் வாயிலும் நுழையவில்லையே. ஒவ்வொரு வருஷமும் புது மாணவர்கள் வந்ததும் விளக்கக்காவுக்கு போன் செய்வான். "அக்கா, இன்னைக்கும் நம்ம தாடிக்காரரை வெச்சுத்தான் ஆரம்பிச்சேன்." அவரும் "நல்லது தம்பி" என்று வைத்துவிடுவார். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை போன் வந்தது. வருஷத் தொடக்கம் இல்லை.

"அக்கா! அந்தத் தொடர் கிடைச்சிடுச்சு! அச்சகத்து அண்ணன் இன்டர்நெட்ல புடிச்சிட்டாரு. யாரோ தமிழ்லயே டப்பிங் பண்ணிப் போட்டிருக்காங்க. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு, அதே முன்னறையில, நம்ம தெரு ஆளுங்க எல்லாரும். நான் இன்னும் பார்க்கல. உங்ககூட உட்கார்ந்துதான் பார்க்கணும்னு வெச்சிருக்கேன். முதல்ல நம்ம பாலம்தான்."

"தமிழ்லயா?" என்றார் விளக்கக்கா.

"தமிழ்லயேதான்! இனி உங்களுக்கு வேலை இல்ல, சும்மா உட்கார்ந்து பாருங்க."

அன்று அவர் முதலில் செய்தது டைம் கீப்பரிடம் போனது.

"சார், ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி போடுங்க."

டைம் கீப்பர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "பத்து வருஷமா ஞாயித்துக்கிழமை லீவு வேணும்னு எங்கூட மல்லுக்கு நின்னீங்க. இப்போ டூட்டி வேணுமா? வீட்ல சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல."

"அப்போ போடுறதுக்கில்ல. டூட்டிப் பட்டியல் மேலிடத்துக்குப் போயிடுச்சு."

மறுநாள் மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், மைக்கை அணைத்து வைத்துவிட்டு, போனில் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தார். பூமி உருண்டு வந்தது. அதே இசை. நாற்பத்திரண்டு வருஷத்துக்கு அப்புறமும் முதுகு தானாக நிமிர்ந்தது. ஆனால் குரல் வேறு. சுத்தமான, அவசரமான, ஒரு இளைஞனின் தமிழ்.

தாடிக்காரர் வந்தார். படம் அவர் கண்ணுக்குக் கிட்டப் போனது. அந்த இளைஞன் சொன்னான்: இந்தப் பொறியாளர் இரும்பைச் சோதிக்காமலேயே ஏற்றுக்கொண்டார், பாலம் விழுந்ததில் நாற்பது பேர் இறந்தார்கள், விசாரணைக் குழு இவரையே குற்றவாளி என்றது, இவர் அதன் பிறகு எதையும் கட்டவில்லை. இரண்டாவது பாலத்தைக் கட்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்குப் புகைப்படம்கூட இல்லை.

பாதிக்குப் பாதி சரியாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இது முழுக்கத் தலைகீழ்.

கணவருக்கு விஷயம் கல்யாணமான புதிதிலேயே தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அன்று சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "சின்னப் புள்ளையில விட்ட கதை. இதுக்குப் போய் யாராவது சோறு தண்ணி இல்லாம உட்காருவாங்களா? எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிடுவாங்க."

"எல்லாரும் சிரிப்பாங்க. அவன் சிரிப்பானா? நாப்பது பேரைக் கொன்னவனைச் சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கான். அதுவும் இரும்பைச் சோதிக்கிற மிஷினுக்கு மேலயே."

கணவர் சட்டையைக் கொடியில் போட்டார். "அப்போ ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே போய்ச் சொல்லிடு" என்றார்.

வியாழக்கிழமை போனார். ஆய்வகத்தில் முப்பது மாணவர்கள் இருந்தார்கள். கோந்துவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் பன்னிரண்டு வயதாகிவிட்டது. "டேய், எந்திரிங்கடா! தாடிக்காரர் கதையைச் சொன்னது யாருன்னு கேட்டீங்களே, இவங்கதான்!" மாணவர்கள் கைதட்டினார்கள். அவன் அந்தக் கதையை மறுபடி சொன்னான். மூணு தடவை பரீட்சை, ஆத்துல இறங்கி, ஒவ்வொரு துண்டா. ஒரு எழுத்து மாறவில்லை. பதினான்கு வயதில் தான் விட்ட மூச்சுகூட அதில் அப்படியே இருந்ததை விளக்கக்கா கவனித்தார்.

மாணவர்கள் போன பிறகு சொன்னார். "தம்பி, அந்த ஆள் பாலத்தைக் கட்டினவர் இல்ல. விழ வெச்சவர்."

"என்னக்கா, வயசாச்சுன்னு குழப்புறீங்களா?" என்று அவன் சிரித்தான்.

போனை நீட்டினார். நான்கு நிமிஷம். அவன் நின்றுகொண்டே பார்த்தான். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமே?"

"பதினெட்டு மார்க்."

"அப்போ மத்ததெல்லாம்? எறும்பு? அந்தப் புதைஞ்ச ஊரு?"

"படத்தைப் பார்த்துச் சொன்னேன்."

அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். முறித்துப் போட்டிருந்த கம்பித் துண்டுகளை ஒரு பெட்டியில் எடுத்து அடுக்க ஆரம்பித்தான். "கிளம்புங்கக்கா. எனக்கு அடுத்த கிளாஸ் இருக்கு" என்றான். நேர அட்டவணை சுவரிலேயே ஒட்டியிருந்தது. அடுத்த வகுப்பு எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு விளக்கக்கா போனார். போகாமல் இருந்தால் கேள்வி வரும். அந்த முன்னறை இப்போது யாரோ வாடகைக்கு எடுத்த சேமிப்புக் கிடங்கு. அச்சகக்காரரின் மகன் அதைக் காலி செய்து, வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டர் வைத்து, ஒலிபெருக்கியும் மைக்கும் வாங்கி வந்திருந்தார். எங்கிருந்தோ பத்துப் பன்னிரண்டு காகிதக் கட்டுகளும் பிடித்துப் போட்டிருந்தார். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அச்சகத்து அத்தை முன்வரிசையில். கோந்து வந்திருந்தான், கடைசியில், கதவுக்குப் பக்கத்தில், யார் பக்கமும் பார்க்காமல்.

பாலம் விழுந்தது. தாடிக்காரர் வந்தார். தமிழ்க் குரல் அவரைக் குற்றவாளி என்றது. அறைக்குள் முணுமுணுப்புக் கிளம்பியது.

"என்னடா இது, இப்படிச் சொல்றான்?"

"நாம கேட்டது வேறயாச்சே."

அச்சகத்து அத்தை கையை ஓங்கித் தட்டினார். "நிறுத்துடா அதை! டப்பிங் பண்ணவன் தப்பாப் பண்ணியிருக்கான். துட்டு வாங்கிட்டு அரைகுறையா மாத்திப் பேசுறானுங்க. அன்னைக்கு நம்ம புள்ள நேரா இங்கிலீஷ்ல கேட்டுச் சொன்னா, அதுதான் சரி. என்னம்மா?"

"அதானே!" என்றது கூட்டம். "விளக்கக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

படம் நின்றது. முப்பது முகங்கள் அவர் பக்கம் திரும்பின. ஒரு முகம் மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். முப்பது பேரோடும் சேர்ந்து அந்தக் கதை இன்னும் இருபது வருஷம் நிற்கும். கோந்துவும் வாயைத் திறக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியும்.

எழுந்து போய் மைக்கை எடுத்தார். பொத்தான் எங்கே என்று கட்டைவிரல் தானாகத் தேடியது. சொந்தப் பேச்சில் அதைச் சொல்ல வரவில்லை. வேலைப் பேச்சில்தான் வந்தது.

"அனைவரின் கனிவான கவனத்திற்கு. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இந்த அறையில், பாலத்தைக் கட்டியவர் இவர் என்று அறிவித்தது தவறு. மற்ற இருபத்திரண்டு வார அறிவிப்புகளும் சரிபார்க்கப்படாதவை. அறிவிப்பாளருக்கு இங்கிலீஷ் தெரியாது. திரையில் இப்போது சொல்வதே சரி." கொஞ்சம் நிறுத்தினார். "தடங்கலுக்கு வருந்துகிறோம்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. பிறகு அச்சகத்து மகன் சிரித்தார், இன்னும் நாலு பேர் சிரித்தார்கள், பிறகு அறையே சிரித்தது. "அடிப்பாவி!" என்றார் அத்தை. "இருபத்திமூணு வாரம் என் வீட்டுப் பிஸ்கெட்டைத் தின்னுட்டு எனக்கே கதை விட்டியா?" அப்புறம் யோசித்து, "அப்போ கடலுக்கு அடியில மலை இருக்கா இல்லையா?" என்றார்.

கோந்து சிரிக்கவில்லை. எழுந்து முன்னால் வந்து ஒரு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தான். "படத்தைப் போடுங்கண்ணே. முழுசாப் பார்த்துடலாம்."

முடிந்த பிறகு தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றான். நின்றபடியே ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"எறும்பு வழிதவறாம வீட்டுக்குப் போறதுக்குப் பாட்டுப் பாடிட்டே போகும்னீங்களே?"

"விட்டது."

"நாம பார்க்கிற நட்சத்திரம் இப்போ அங்கே இல்லாமலே இருக்கலாம்னீங்களே? அது?"

விளக்கக்கா யோசித்தார். கவுண்டரில் ஒருபோதும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

"தெரியல தம்பி" என்றார்.

"அது சரிதான்க்கா" என்றான் கோந்து. "அதை நான் படிச்சுப் பார்த்திருக்கேன்." ஒரு வாய் குடித்தான். "என்மேலயும் தப்பு இருக்கு. இருபத்திரண்டு வருஷமா எதையும் சோதிக்காம எடுத்துக்காதீங்கன்னு சொல்லிக் குடுக்கிறேன். அந்தப் படத்துக்குக் கீழ நின்னுட்டு."

தாடிக்காரர் இன்னும் அதே இடத்தில்தான் தொங்குகிறார். கீழே இருந்த வரி போய், 'இவர் சோதிக்கவில்லை' என்று இருக்கிறது. முன்பு மாணவர்கள் படத்தைத் தாண்டிப் போகும்போது கும்பிடு போடுவார்கள். இப்போது கம்பியைப் பொருத்துமுன் ஒரு தடவை அண்ணாந்து பார்க்கிறார்கள். கோந்து இப்போதும் வருஷா வருஷம் போன் செய்கிறான். பேச்சு முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. அந்தத் தொடரில் பதினேழு படங்களை இருவரும் சேர்ந்து பார்த்து முடித்துவிட்டார்கள். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு விளக்கக்கா சொல்ல வேண்டும். பிறகு சத்தத்தோடு ஒரு தடவை. இதுவரை நாலு சரி. கடலுக்கு அடியில் மலை உண்டு என்பது அதில் ஒன்று. அத்தைக்கு அன்றே போன் போட்டுச் சொல்லியாயிற்று.

விளக்கக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதே கவுண்டர், அதே மைக். மேடை மாறினால் மன்னிக்கவும் சொல்கிறார். சில கேள்விகளுக்கு, "தெரியல, இருங்க, டைம் கீப்பரைக் கேட்டுச் சொல்றேன்" என்கிறார். பயணிகளுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.